ஹராஜுக்கு

ஹராஜுக்கு என்பது ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில், ஷிபுயா நகர்ப்பிரிவுக்குள் அமைந்துள்ள ஒரு கடைவீதிப் பகுதியாகும். பதின்ம வயதினரும் இருபதுகளில் உள்ளோரும் தமக்கென உடைப் பாணிகளை உருவாக்கி, அவற்றை அணிந்து தெருவிலேயே உலவிய இடம் என்பதால் இது உலக அளவில் அறியப்பட்டது. பொதுவாகப் புதிய உடைப் பாணி ஒன்று வடிவமைப்பாளரிடம் தோன்றி, இதழ்களில் இடம்பெற்று, கடைகளுக்கு வந்து, இறுதியாகவே தெருவை அடையும். ஹராஜுக்குவில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடந்தது. தெருவில் தோன்றியவற்றை இதழ்கள் படம்பிடித்தன, கடைகள் பின்தொடர்ந்தன.

இப்பகுதியை இளைஞர்களுக்காக எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. போர், படைக் குடியிருப்பு, ஒரு நகரமைப்பு விதி, குறைந்த வாடகை, ஞாயிறுதோறும் வண்டிகள் நிறுத்தப்பட்ட ஒரு சாலை எனத் தொடர்பற்ற பல காரணங்கள் ஒன்றுகூடியதன் விளைவே இது. அக்காரணங்களுள் சில மறைந்தபோது இப்பகுதியின் இயல்பும் மாறியது.

பெயர்

'ஜுக்கு' (தனியே நிற்கும்போது 'ஷுக்கு') என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் அல்லது சாவடி அமைந்த ஊர் என்று பொருள். அருகிலுள்ள ஷின்ஜுக்குவின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. 'ஹரா' என்பது வெளி அல்லது சமவெளி. காமாகுராவுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் இவ்வூர் இருந்ததால் இப்பெயர் வந்ததாகக் கூறுவர்.

இன்று டோக்கியோவின் அஞ்சல் முகவரிகளில் ஹராஜுக்கு என்ற ஊரே இல்லை. 1965 ஆம் ஆண்டு முகவரி முறை சீரமைக்கப்பட்டபோது ஹராஜுக்கு, ஒண்டென், தக்கேஷிதா ஆகிய பழைய ஊர்ப்பெயர்கள் நீக்கப்பட்டு, 'ஆலயத்தின் முன்' எனப் பொருள்படும் ஜிங்குமாயே என்ற பெயர் இடப்பட்டது. தொடருந்து நிலையம் மட்டும் பழைய பெயரை விடவில்லை. அரசு ஆவணத்திலிருந்து நீங்கிய பெயர் ஒரு நிலையப் பலகையின் துணையால் உலகப் பெயராகியது விந்தையே.

ஒண்டென் என்ற பெயர் வேறொரு வகையில் வாழ்கிறது. ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலையைப் பல கோணங்களில் தீட்டிய புகழ்பெற்ற அச்சோவிய வரிசையில் ஒண்டென் நீராலையும் ஒன்று. நீர்ச்சக்கரம், மூட்டை சுமக்கும் உழவர், தொலைவில் ஃபூஜி மலை ஆகியவை அதில் உள்ளன. அந்தச் சிற்றூர் இருந்த இடத்திலேயே இன்று உடைக்கடைகள் நிற்கின்றன.

அமைவிடம்

டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றிவரும் யாமனோதே தொடருந்துப் பாதையில், ஷிபுயாவுக்கும் யோயோகிக்கும் இடையே ஹராஜுக்கு நிலையம் உள்ளது. இந்நிலையத்தின் மேற்குப்புறமும் கிழக்குப்புறமும் இரு வேறு உலகங்கள். மேற்கே மெய்ஜி ஆலயத்தின் அடர்ந்த காடு. ஏறத்தாழ 70 எக்டேர் பரப்புள்ள இது இயற்கைக் காடன்று. நாடெங்கும் இருந்து மக்கள் வழங்கிய ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது. கிழக்கே இறங்கினால் தக்கேஷிதா தெருவின் இரைச்சல் தொடங்கிவிடும்.

நிலையத்தின் தென்புறத்திலிருந்து தென்கிழக்காக ஒமோதேசாண்டோ என்ற அகன்ற சாலை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஆவோயாமா நோக்கிச் செல்கிறது. மெய்ஜி சாலை இதைக் குறுக்கே வெட்டுகிறது. இச்சந்திப்பே ஹராஜுக்குவின் நடுப்புள்ளி எனலாம். பெருஞ்சாலைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளும் வீட்டுத் தெருக்களும் 'உரா-ஹராஜுக்கு', அதாவது 'பின்புற ஹராஜுக்கு' எனப்படுகின்றன.

ஆலயமும் சாலையும்

ஹராஜுக்கு நிலையம் 1906 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்போது இது நகரின் புறத்தே இருந்த அமைதியான பகுதி. மெய்ஜி பேரரசர் 1912 இல் மறைந்த பின், அவருக்கும் அவருடைய துணைவியாருக்குமான ஷிந்தோ ஆலயம் 1920 இல் இங்கு நிறுவப்பட்டது. ஆலயத்துக்குச் செல்லும் முதன்மைப் பாதையாக அமைக்கப்பட்டதே ஒமோதேசாண்டோ. அச்சொல்லின் பொருளும் 'முன்புற வழிபாட்டுப் பாதை' என்பதே. சாலையின் இருபுறமும் கெயாக்கி மரங்கள் நடப்பட்டன. இன்று விலைமிகு கைப்பைகளை வாங்க நடப்போர் உண்மையில் ஒரு கோயில் வீதியில்தான் நடக்கின்றனர்.

1923 ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், தீயையும் அதிர்வையும் தாங்கும் கற்காரைக் குடியிருப்புகளைக் கட்ட தோஜுன்காய் என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. அது 1920களின் பிற்பகுதியில் இச்சாலையோரம் கட்டிய ஆவோயாமா குடியிருப்பு, ஜப்பானின் தொடக்க கால அடுக்குமாடிக் குடியிருப்புகளுள் ஒன்றாகும்.

1945 ஆம் ஆண்டு மே 25 ஆம் நாள் இரவு அமெரிக்க வானூர்திகள் நகரின் இப்பகுதி மீது தீக்குண்டுகளை வீசின. ஒமோதேசாண்டோவின் ஆவோயாமா முனையில் நெருப்பிலிருந்து தப்பி ஓடியவர்கள் பெருந்திரளாக உயிரிழந்தனர். மரங்களுள் பெரும்பாலானவை எரிந்து போயின; இன்று நிழல் தருபவை பெரும்பாலும் போருக்குப் பின் நடப்பட்டவை. அம்முனையில் இரு பெரிய கல்விளக்குகள் இன்றும் நிற்கின்றன. நாள்தோறும் அவற்றின் அருகே நண்பர்களுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களுள் எத்தனை பேர் அந்த இரவை அறிவர் என்பது ஐயமே.

வாஷிங்டன் ஹைட்ஸ்

ஆலயத்தை அடுத்திருந்த யோயோகி படைப் பயிற்சித் திடலை, போருக்குப் பின் அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டது. அங்கு 800க்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளி, கடைகள் எனப் படையினரின் குடும்பங்களுக்கான சிற்றூர் ஒன்று எழுந்தது. இதற்கு வாஷிங்டன் ஹைட்ஸ் என்று பெயர். உணவுப் பற்றாக்குறையும் எரிந்த வீடுகளுமாக இருந்த டோக்கியோவின் நடுவே, புல்தரையும் வெள்ளை வீடுகளும் கொண்ட ஓர் அமெரிக்கப் புறநகர் வேலிக்கப்பால் தெரிந்தது.

அக்குடும்பங்களை நம்பி ஒமோதேசாண்டோவில் ஆங்கிலப் பலகைகளுடன் கடைகள் தோன்றின. கிட்டி லாண்ட் என்ற பொம்மைக்கடையும், நினைவுப் பொருள்களை விற்ற ஓரியண்டல் பசாரும் அக்காலத்தில் வேரூன்றியவை. நகரின் பிற பகுதிகளில் கிடைக்காத அயல்நாட்டுப் பொருள்கள் இங்குக் கிடைத்தன; 'சற்று அயல்நாட்டுத் தன்மை கொண்ட இடம்' என்ற பெயரும் அதனால் வந்தது.

1964 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்காக இந்நிலம் ஜப்பானிடம் திருப்பி அளிக்கப்பட்டது. வீடுகள் விளையாட்டு வீரர்களின் தங்குமிடமாயின. அருகே கென்சோ தாங்கே வடிவமைத்த யோயோகி தேசிய உள்ளரங்கு எழுந்தது. இரும்பு வடங்களிலிருந்து தொங்கும் அதன் வளைந்த கூரை, கட்டடப் பொறியியல் மாணவர்கள் இன்றும் பயிலும் ஒன்றாகும். 1967 இல் யோயோகி பூங்கா திறக்கப்பட்டது.

கல்வி வட்டார அறிவிப்பு

ஹராஜுக்கு ஏன் சிறுவயதினரின் இடமாயிற்று என்ற வினாவுக்குப் பலரும் கவனிக்காத ஒரு விடை உண்டு. 1950களில் படைக் குடியிருப்பைச் சுற்றி, ஒழுக்கக்கேட்டுக்கு இடம் தரும் விடுதிகள் பெருகிவிடும் என்று உள்ளூர்க் குடும்பங்கள் அஞ்சின. அவர்களின் முயற்சியால் 1957 இல் இப்பகுதி 'கல்வி வட்டாரம்' என அறிவிக்கப்பட்டது. இதன்படி விடுதிகள், இரவுக் கேளிக்கை நிலையங்கள், பச்சின்கோ ஆட்டக் கூடங்கள் போன்றவை கட்டுப்படுத்தப்பட்டன.

ஷிபுயா, ஷின்ஜுக்கு, இக்கெபுகுரோ ஆகிய அண்டை மையங்களில் கடைத்தெருவும் மதுத்தெருவும் அருகருகே உள்ளன. ஹராஜுக்குவில் மாலையில் கடைகள் மூடியதும் தெருக்களும் பெரும்பாலும் அடங்கிவிடும். பதினான்கு வயது மகளைத் தோழியருடன் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சாத ஒரு கடைவீதி இவ்வாறு உருவானது. குடியிருப்பாளர்கள் கேட்டது அமைதி. அவர்களுக்குக் கிடைத்ததோ பள்ளிப் பிள்ளைகளின் பெருங்கூட்டம்.

அறைக்குள் தொடங்கிய தொழில்

மெய்ஜி சாலைச் சந்திப்பில் 1958 இல் கட்டப்பட்ட சென்ட்ரல் அப்பார்ட்மெண்ட்ஸ் என்ற கட்டடத்தில், தொடக்கத்தில் அயல்நாட்டவர் பலர் இருந்தனர். 1960களின் பிற்பகுதியில் ஒளிப்படக் கலைஞர்கள், விளம்பர எழுத்தாளர்கள், உடை வடிவமைப்பாளர்கள் ஆகியோர் அங்குப் பணியிடம் அமைத்தனர். அதன் தரைத்தளத்தில் இருந்த லியோன் என்ற காப்பியகம் அவர்களின் சந்திப்பிடமாயிற்று.

அக்காலத்தில் முதலீடு இல்லாத இளம் வடிவமைப்பாளர்கள் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அங்கேயே வரைந்து, வெட்டி, தைத்து விற்றனர். ஜப்பானிய மொழியில் அடுக்குமாடி வீட்டை 'மான்ஷன்' என்பர். ஆகவே இவர்கள் 'மான்ஷன் உற்பத்தியாளர்' எனப்பட்டனர். கின்சா போன்ற பழைய வணிக மையத்தில் இவர்களால் ஒரு சன்னலைக்கூட வாடகைக்கு எடுத்திருக்க முடியாது. 1970 இல் தொடங்கப்பட்ட மில்க் என்ற கடை இத்தலைமுறையின் முன்னோடிகளுள் ஒன்று.

அதே 1970 இல் 'அன் அன்', 1971 இல் 'நொன்-நோ' ஆகிய மகளிர் இதழ்கள் தொடங்கின. வண்ணப் படங்களும் வரைபடங்களும் கொண்ட இவ்விதழ்களைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் ஊர் சுற்றினர். அவற்றில் ஹராஜுக்குவின் பெயர் அடிக்கடி வந்தது. 1972 இல் சுரங்கத் தொடருந்து நிலையமும் அமைந்தது. 1978 இல் லாஃபோரே ஹராஜுக்கு என்ற வணிக வளாகம் சந்திப்பின் மூலையில் திறக்கப்பட்டது. சிறு வடிவமைப்பாளர்களின் கடைகளுக்கு இவ்வளாகம் நெடுங்காலம் இடமளித்தது.

நடப்போர் சொர்க்கம்

1977 ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒமோதேசாண்டோவிலும் யோயோகி பூங்காவை ஒட்டிய சாலையிலும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. இவ்வேற்பாட்டை ஜப்பானியர் 'நடப்போர் சொர்க்கம்' என்றனர். டோக்கியோவில் வேறு இடங்களிலும் இது உண்டு. ஆனால் பிற இடங்களில் மக்கள் நடந்தனர், இங்கு ஆடினர்.

தக்கேஷிதா தெருவில் 1978 இல் திறக்கப்பட்ட தக்கெனோகோ என்ற சிறுகடை, பளிச்சிடும் ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் தொளதொளப்பான உடைகளை விற்றது. 'தக்கெனோகோ' என்றால் மூங்கில் குருத்து. அவ்வுடைகளை அணிந்த பள்ளி மாணவர்கள் நிலத்தில் ஒலிநாடாக் கருவிகளை வைத்து, வட்டமாக நின்று, ஒரே அசைவில் ஆடினர். ஒவ்வொரு வட்டத்துக்கும் தனிப் பெயர், தனித் தலைவர். 1980 ஆம் ஆண்டளவில் ஆடுவோரும் வேடிக்கை பார்ப்போருமாக மாபெரும் கூட்டம் திரண்டது. செய்தித்தாள்கள் இவர்களை 'மூங்கில் குருத்துக் கூட்டத்தினர்' என்றன. கடுமையான தேர்வுகளும் சீருடை விதிகளும் கொண்ட பள்ளி வாரம் முடிந்த பின், யாரும் வரைந்து தராத ஒரு சீருடையை இவர்கள் தாமே தேர்ந்தனர். ஞாயிறு மாலை அதைப் பையில் மடித்து வைத்துவிட்டுத் தொடருந்தில் வீடு திரும்பினர்.

இவர்களுக்கு அருகிலேயே தோல் மேலாடையும் எண்ணெய் தடவி உயர்த்திய முடியுமாக, 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசைக்கு ஆடும் கூட்டம் ஒன்றும் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஆட்டத்தைவிட இசைக்குழுக்கள் மிகுந்தன. ஜுன் ஸ்கை வாக்கர்ஸ், தி பூம் ஆகிய குழுக்கள் இச்சாலையில் வாசித்துப் புகழ்பெற்றவை. அரங்க வாடகை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, தேர்வுக் குழுவும் இல்லை. கூட்டம் நின்றால் வெற்றி, கலைந்தால் தோல்வி.

குழுக்கள் பெருகியபோது மின்னாக்கிகளும் ஒலிபெருக்கிகளும் பெருகின. இரைச்சல், குப்பை, சுற்றுச்சாலைகளில் போக்குவரத்து நெரிசல் ஆகியவை பற்றிய முறையீடுகள் குவிந்தன. குறைகூறியோர் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். 1998 இல் நடப்போர் சொர்க்கம் முற்றாக நிறுத்தப்பட்டது. ஹராஜுக்குவின் வரலாற்றில் எந்தக் கடை திறந்ததையும் மூடியதையும் விட இம்முடிவே பெரியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. காசில்லாதவரும் கலந்துகொள்ளக்கூடிய ஒரே பொது இடம் அதுவாக இருந்தது.

தக்கேஷிதா தெரு

நிலையத்துக்கு எதிரே தொடங்கி மெய்ஜி சாலை வரை இறங்கும் இக்குறுந்தெரு ஏறத்தாழ 350 மீட்டர் நீளமே உடையது. மலிவான உடைகள், காலுறைகள், தலைமுடி ஊசிகள், பாடகர்களின் படங்கள், பிறகு கிரேப் ஆகியவை இங்கு விற்கப்படுகின்றன. கிரேப் என்பது பிரான்சைச் சேர்ந்த மெல்லிய அப்பம். 1970களின் பிற்பகுதியில் இத்தெருவுக்கு வந்த இது, பாலேடும் பழத்துண்டுகளும் நிரப்பிக் கூம்பாகச் சுருட்டப்பட்டு, நடந்தபடியே உண்ணும் பண்டமாக மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுப் பணத்தில் முடியக்கூடிய ஒரு நாளுக்கு ஏற்ற தெரு இது.

கடைகளின் பின்புறம் சில அடிகள் நடந்தால் தோகோ ஆலயம் உள்ளது. 1905 ஆம் ஆண்டு சுஷிமா கடற்போரில் உருசியக் கடற்படையைத் தோற்கடித்த கடற்படைத் தலைவர் தோகோ ஹெய்ஹாச்சிரோவுக்காக 1940 இல் எழுப்பப்பட்டது. அதன் குளத்தருகே நின்றால் தெருவின் ஓசை வியப்புறும் அளவுக்குக் குறைந்துவிடும்.

உரா-ஹராஜுக்கு

1964 ஒலிம்பிக்குக்கு முன்னர் ஷிபுயா ஆற்றின் ஒரு பகுதி கற்காரையால் மூடப்பட்டது. அதன் மேல் அமைந்த வளைந்து செல்லும் நடைபாதையே இன்று கேட் தெரு எனப்படுகிறது. நேரான தெருக்களுக்கு நடுவே இது மட்டும் வளைவதற்குக் காரணம், காலடியில் ஒரு ஆறு இருப்பதே.

1993 இல் நிகோ, ஜுன் தக்காஹாஷி ஆகிய இரு இளைஞர்கள் இப்பின்தெருக்களில் நோவேர் என்ற சிறு கடையைத் திறந்தனர். இவர்களுக்கு முன்னோடி ஹிரோஷி ஃபுஜிவாரா. லண்டன், நியூயார்க் நகரங்களின் ஹிப்-ஹாப் இசையையும் சறுக்குப்பலகைப் பண்பாட்டையும் ஜப்பானுக்குக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் அவர். நிகோ என்ற புனைபெயரின் பொருளே 'இரண்டாம் எண்'. ஃபுஜிவாராவின் மறுபதிப்பு என்ற வேடிக்கைப் பெயர் அது. நிகோவின் 'எ பேதிங் ஏப்', தக்காஹாஷியின் 'அண்டர்கவர்' ஆகிய பெயர்கள் இங்கிருந்தே பரவின.

இவர்களின் வணிக முறை கவனிக்கத்தக்கது. பணம் குறைவாக இருந்ததால் சட்டைகள் சிறு எண்ணிக்கையில் அச்சிடப்பட்டன. விற்றுத் தீர்ந்தால் மீண்டும் வராது. கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை இல்லை. தேடிக் கண்டுபிடிப்பதே பெருமையாயிற்று. கடை வாயிலில் வரிசைகள் நீண்டன. இன்று உலகின் பெரிய காலணி, உடை நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் பொருளை வெளியிட்டு வரிசையை உருவாக்கும் உத்திக்கு இப்பின்தெருக்களின் பற்றாக்குறை ஒரு முன்மாதிரி. முன்பு அது வறுமையின் விளைவு, இப்போது அது திட்டம்.

எ பேதிங் ஏப் நிறுவனத்தின் 90 விழுக்காட்டுப் பங்குகளை 2011 இல் ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கியது. நிகோ 2021 இல் பாரிஸின் கென்சோ நிறுவனத்தின் கலை இயக்குநராக அமர்த்தப்பட்டார்.

உடைப் பாணிகளும் 'ஃபுரூட்ஸ்' இதழும்

1990களில் இங்குத் தோன்றிய பாணிகள் பல. லோலிடா பாணி ஐரோப்பாவின் பழைய சிறுமியர் உடையையும் பொம்மைகளையும் நினைவூட்டும் விரிந்த பாவாடை, சரிகைப் பின்னல், தலைக்கச்சு ஆகியவற்றைக் கொண்டது. பெண் அழகாகத் தோன்றுவது ஆணின் கண்ணுக்காக என்ற எண்ணத்தை இப்பாணியினர் பலர் மறுத்தனர். டெக்கோரா பாணியில் முகத்தை மறைக்கும் அளவுக்கு முடி ஊசிகளும் நெகிழி மணிகளும் அடுக்கப்படும். செபாஸ்டியன் மசுதா 1995 இல் திறந்த 6%டோக்கிடோக்கி என்ற கடை இவ்வண்ணப் பாணியின் மையமாயிற்று. பழைய கிமோனோ, இராணுவச் சட்டை, தானே தைத்த பாவாடை ஆகியவற்றை ஒரே உடலில் கலந்து அணிந்தோரும் இருந்தனர். அவர்களுக்கு எவரும் பெயரிடவில்லை.

இவற்றைப் பதிவு செய்தவர் ஒளிப்படக் கலைஞர் ஷோயிச்சி ஆவோக்கி. அவர் 1997 இல் தொடங்கிய 'ஃபுரூட்ஸ்' என்ற இதழின் முறை எளிது. தெருவில் நிற்கும் ஒருவர், தலை முதல் கால் வரை, ஒரு முழுப்பக்கப் படம். அருகே அவர் அணிந்தவை எங்கு வாங்கப்பட்டவை என்ற குறிப்பு. 'நானே தைத்தது', 'பழைய துணிக்கடையில் வாங்கியது' என்ற விடைகள் அடிக்கடி வரும். 2001 இல் இப்படங்கள் ஆங்கில நூலாக வெளிவந்தபோது உலகம் ஹராஜுக்குவைக் கண்டது.

பிறகு நடந்தவை வேகமானவை. 2004 இல் அமெரிக்கப் பாடகி குவென் ஸ்டெஃபானி, 'ஹராஜுக்குப் பெண்கள்' என்ற பெயரில் நால்வரைத் தம்முடன் மேடையில் நிறுத்தினார். இது ஒரு பண்பாட்டை அலங்காரப் பொருளாக்குவது என்று கண்டிக்கவும் பட்டது. 2009 இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சு 'அழகுத் தூதர்கள்' என மூன்று இளம்பெண்களை அமர்த்தியது. ஒருவர் லோலிடா பாணிக்கும், ஒருவர் ஹராஜுக்குப் பாணிக்கும், ஒருவர் பள்ளிச் சீருடைப் பாணிக்கும் உரியவர். பள்ளியிலிருந்து தப்பிக்க அணிந்த உடை அரசின் அழைப்பிதழாயிற்று. 2011 இல் பாடகி க்யாரி பாம்யு பாம்யுவின் 'பொன்பொன்பொன்' பாடல் காணொளி, மசுதாவின் கலையமைப்பில் வெளிவந்து இணையத்தில் உலகைச் சுற்றியது.

மாற்றங்கள்

தோஜுன்காய் குடியிருப்பு 2003 இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் தடாவோ ஆண்டோ வடிவமைத்த ஒமோதேசாண்டோ ஹில்ஸ் வளாகம் 2006 இல் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தின் ஒரு தொகுதி மட்டும் முனையில் மறு ஆக்கம் செய்யப்பட்டுள்ளது. லூயி வித்தோன், டியோர், டோட்ஸ், ஆவோயாமா பக்கத்தில் பிராடா என 2002 முதல் 2004 வரை வந்த ஐரோப்பிய நிறுவனங்களின் கட்டடங்களைக் காணவே கட்டடக்கலை மாணவர்கள் வருகின்றனர். 2008 இல் எச் அண்ட் எம், 2009 இல் ஃபாரெவர் 21 ஆகிய மலிவுவிலை அயல்நாட்டுக் கடைகள் திறந்தன. இவற்றுள் பின்னது 2017 இல் ஹராஜுக்குக் கடையை மூடியது.

இந்நிறுவனங்கள் தரக்கூடிய வாடகையை, அறையொன்றில் தைத்து விற்கும் ஒருவரால் தர இயலாது. பழைய துணிக்கடைகளும் புதிய வடிவமைப்பாளர்களும் கோயென்ஜி, ஷிமோகித்தசாவா போன்ற இடங்களை நாடினர். திறன்பேசி வந்தபின், தன் உடையைப் பிறர் காண வேண்டுமெனில் ஞாயிறன்று தெருவில் வந்து நிற்க வேண்டும் என்ற தேவையும் குறைந்தது.

2017 ஆம் ஆண்டு 'ஃபுரூட்ஸ்' நின்றது; மொத்தம் 233 இதழ்கள் வெளிவந்திருந்தன. படம் எடுக்கத்தக்க வகையில் உடுத்துவோர் போதிய அளவில் தெருவில் இல்லை என்பதே ஆவோக்கி கூறிய காரணம். அதே ஆண்டில் கேரா, சிப்பர் ஆகிய தெருப்பாணி இதழ்களும் அச்சு வடிவை நிறுத்தின. ஹராஜுக்கு இறந்துவிட்டது என்று அப்போது பலர் எழுதினர். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. விதவிதமாக உடுத்துவோரை இன்றும் அங்குக் காணலாம். ஆனால் அவர்கள் கூடும் இடம் ஒன்றாக இல்லை.

நிலையக் கட்டடம்

கூர்மாடமும், வெள்ளைச் சுவரில் வெளித்தெரியும் மரச்சட்டங்களும் கொண்ட பழைய ஹராஜுக்கு நிலையம் 1924 இல் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடு போன்ற தோற்றமுடைய இது, போரையும் தாண்டி நின்ற, டோக்கியோவின் மிகப் பழைய மர நிலையக் கட்டடமாக இருந்தது. இன்றைய தீத்தடுப்பு விதிகளுக்கு இம்மரக்கட்டடம் பொருந்தவில்லை. அருகே கண்ணாடியாலான புதிய நிலையம் 2020 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள் திறக்கப்பட்டது. பழையது அவ்வாண்டிலேயே பிரிக்கப்பட்டது. அதன் தோற்றத்தை மீண்டும் உருவாக்குவதாகத் தொடருந்து நிறுவனம் அறிவித்திருந்தது. புத்தாண்டின் முதல் மூன்று நாள்களில் மெய்ஜி ஆலயத்துக்கு வரும் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்களுக்காக மட்டும் முன்பு திறக்கப்பட்ட நடைமேடை, இப்போது நாள்தோறும் பயன்படுகிறது.

இன்றைய நிலை

2003 இல் ஜப்பானுக்கு வந்த அயல்நாட்டவர் ஏறத்தாழ 52 இலட்சம். 2024 இல் ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம். இடையே பெருந்தொற்றுக் காலத்தில் தக்கேஷிதா தெருவில் பல கடைகள் மூடின. மசுதாவின் வண்ணமயமான கவாயி மான்ஸ்டர் உணவகமும் 2021 தொடக்கத்தில் மூடப்பட்டது. இப்போது தெரு மீண்டும் நிறைந்துள்ளது. உடுத்தி வருவோரைவிட உடுத்தியோரைக் காண வருவோரே மிகுதி. இசைவு கேட்காமல் படம் எடுப்பது அங்குப் பண்பற்ற செயலாகக் கருதப்படும். கேட்டால் பலர் மகிழ்ச்சியுடன் நிற்பர்.

மெய்ஜி சாலைச் சந்திப்பில் 2024 ஏப்ரலில் ஹரகாடோ என்ற வளாகம் திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில், கோயென்ஜியில் 1933 முதல் இயங்கும் கோசுகியு என்ற பொதுக் குளியலகத்தின் கிளை அமைந்துள்ளது. உடையால் புகழ்பெற்ற ஊரின் நடுவே, உடையைக் களைந்துவிட்டு அக்கம்பக்கத்தாருடன் வெந்நீரில் அமரும் ஓர் இடம் இது.

யோயோகி பூங்காவின் நுழைவாயிலில் ஞாயிறுதோறும் ராக் அண்ட் ரோல் ஆட்டக்காரர்கள் இன்னும் கூடுகின்றனர். தோல் மேலாடை அதேதான், உயர்த்திய முடியும் அதேதான். பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காலணி தேயாமல் இருக்க ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு, கொண்டுவந்த ஒலிபெருக்கியை இயக்கி, சுற்றுலாப் பயணிகள் வட்டமாக நிற்க, பிற்பகல் முழுதும் ஆடுகின்றனர்.